படகில் தீவு தீவாகப் போகும்போது இணையம் அறுந்துபோகாமல் இருக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவாரில் கைப்பேசியும் ரவுட்டரும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். லூமுட் படகுத்துறைக்குக் காரில் அரை மணி நேரம். மீன்பிடிப் படகு ஒன்றின் ரவுட்டரைச் சரிசெய்யப் போனதில் தொடங்கிய வேலை இது. இன்று பாய்மரப் படகிலேயே குடியிருந்து அலுவலக வேலை பார்ப்பவர்களும் கடைக்கு வருகிறார்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு பெட்டியோடுதான் வருகிறார்கள். ஆன்டெனாவோ துணைக்கோள் தட்டோ வாங்கியாயிற்று, பொருத்திக் கொடுத்தால் போதும் என்பார்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், இரவில் எங்கே நங்கூரம் போடுவீர்கள், பேட்டரி எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். வாங்குவது கடைசி வேலை. கீழே உள்ள வரிசையை மாற்றினால் பணம் போகும், சில நேரம் பயணமும் போகும்.

லூமுட், பங்கோர், செம்பிலான் தீவுகள், பினாங்கு, லங்காவி என்று மேற்குக் கரையோரம் போகிறவர்களுக்காக எழுதியிருக்கிறேன். இரண்டு நாள் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு 1, 2, 3, 9, 11 ஆகிய பகுதிகள் போதும்.

1. எதற்காக இணையம் என்று தாளில் எழுதுங்கள்

மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் எப்போதும் வேண்டியவை: வானிலை, வீட்டுக்கு ஒரு செய்தி. இரண்டாவதில் குறித்த நேரத்தில் வேண்டியவை: அலுவலகக் கூட்டம், இணையவழி வகுப்பு. மூன்றாவதில் காத்திருக்கக் கூடியவை: படம், செயலிப் புதுப்பிப்பு, நிழற்படங்களை மேலேற்றுவது.

முதல் பத்திக்கு ஆகும் தரவு அற்பம். வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பிதான் எடுக்கும். காணொளிக் கூட்டம் அப்படியல்ல. இருவர் மட்டும் பேசினாலே மணிக்கு அரை ஜிபி போகும். பலர் சேர்ந்து, படமும் தெளிவாக வேண்டுமென்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். மூன்றாவது பத்தியோ கேட்பாரில்லாமல் விழுங்கும். புதுப்பிப்புக்குக் காத்திருந்த ஒரு மடிக்கணினி, படகின் ரவுட்டரைக் கண்டதும் வீட்டு வைஃபை என்று நினைத்து இரவோடு இரவாகப் பல ஜிபியை இழுத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த இணைப்பை 'அளவிடப்பட்டது' என்று கணினியில் குறித்து வைத்தால் இது நடக்காது.

எழுதியதில் இரண்டாவது பத்தி வெறுமையாக இருந்தால் உங்களுக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பேசி, இரண்டு சிம் அட்டை, ஒரு பவர் பேங்க். மற்ற பகுதிகளைப் பொழுதுபோக்காகப் படிக்கலாம்.

2. கரையிலேயே முடித்துவிட வேண்டியவை

கடலில் இறங்கிய பிறகு செய்யவே முடியாத வேலைகள் சில உண்டு. அவற்றுள் முதலாவது வங்கி. வங்கிச் செயலியைப் புதிய கைப்பேசிக்கு மாற்றினால், பணம் அனுப்பும் வசதி திறக்கப் பல மணி நேரம் காக்க வைப்பார்கள். மோசடியைத் தடுக்க வந்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் அந்தக் காத்திருப்பைத் தீவில் செய்யாதீர்கள். புதுக் கைப்பேசி வாங்கினால் ஒரு வாரம் முன்பே வாங்குங்கள்.

அடுத்தது, எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஒரு தம்பி தன் வழக்கமான சிம்மைக் கழற்றி ரவுட்டரில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பங்கோரை அடைந்ததும் டீசலுக்குப் பணம் கட்ட வேண்டும். வங்கியின் உறுதி எண் வரவில்லை. "அண்ணே, சிக்னல் முழுதாக இருக்கிறது, குறுஞ்செய்தி மட்டும் வரவில்லை" என்று அழைத்தார். அது வராமலில்லை, வந்து ரவுட்டருக்குள் உட்கார்ந்திருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, செய்திகள் என்ற இடத்தில் பார்க்கச் சொன்னேன். அடுக்கடுக்காக ஆறு எண்கள், ஆறும் காலாவதி. உங்கள் பெயரோடும் வங்கியோடும் கட்டிய எண் எப்போதும் கைப்பேசியிலேயே இருக்கட்டும். ரவுட்டருக்கு வேறு சிம் வாங்குங்கள், அதையும் சொந்த அடையாள அட்டையில் பதிந்து வாங்குங்கள். நண்பர் பெயரில் உள்ள சிம் முடங்கினால் அவர் நேரில் போகாமல் மீட்பது பெரும்பாடு.

மற்றவை சட்டென்று முடியும். கடல் வரைபடச் செயலியில் போகும் வழி முழுவதையும் கீழிறக்கி வையுங்கள். கூகுள் வரைபடத்தில் ஒவ்வொரு தீவையும் அவ்வாறே செய்யுங்கள். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைத் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்கிறவர்கள் குறைவு. கீழிறக்கிவிட்டோம் என்று நம்பி, நடுக்கடலில் வெள்ளைத் திரையைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

3. போகும் வழியைக் கோபுரத்தின் கண்ணால் பாருங்கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே உள்ள லயத்தில் ஒரு கோடுகூட வராது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால் மூன்று கோடு வரும். கைப்பேசி மாறவில்லை, கோபுரமும் மாறவில்லை. நடுவே நின்ற மறைப்பு விலகியது, அவ்வளவுதான். கடலில் மரம் இல்லை. ஆனால் இரண்டு மறைப்புகள் உண்டு: பூமியின் வளைவு, தீவின் மலை.

வளைவுக்கு எளிய கணக்கு இருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து வானொலி அலை எத்தனை கிலோமீட்டர் வரை 'பார்க்கும்' என்று கிடைக்கும். 50 மீட்டர் கோபுரத்துக்கு 29 கிலோமீட்டர். படகுத் தளத்தில் நின்று 2 மீட்டர் உயரத்தில் பிடித்த கைப்பேசிக்கு ஏறக்குறைய 6. இரண்டையும் கூட்டினால் 35 கிலோமீட்டர். அதே படகில் 12 மீட்டர் பாய்மர உச்சியில் ஆன்டெனா இருந்தால் 14, ஆக மொத்தம் 43. இது எல்லைக்கோடு மட்டுமே. அந்தத் தூரத்தில் வேகம் கிடைக்கும் என்று பொருளல்ல. அதற்கப்பால் எவ்வளவு செலவழித்தாலும் கோபுரத்திலிருந்து நம்பத் தகுந்த இணைப்பு கிடைக்காது என்று பொருள்.

மலை இதைவிடப் பொல்லாதது. பங்கோரில் ஊர்களெல்லாம் கிழக்குக் கரையில், பெருநிலத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. உல்லாசக் கடற்கரைகள் மேற்கில். நடுவே காடு மூடிய மலை. கிழக்குக் கரை ஊரான சுங்கை பினாங் கெச்சில் முன்னால் நின்றால் லூமுட் பக்கத்துக் கோபுரங்கள் நேருக்கு நேர். அதே தீவின் வடமேற்கு மூலையில் பாறையோடு ஒட்டிய சிறு குடாவுக்குள் நங்கூரம் போட்டால், கோபுரம் சில கிலோமீட்டரில் இருந்தும் பயனில்லை. செம்பிலான் தீவுகளிலும் அப்படித்தான். கிழக்குப் பக்கம் நின்றால் பெருநிலத்தை நோக்கலாம். தூண்டில்காரர்கள் விரும்பும் மேற்குப் பக்கம் போனால் தீவே சுவராகிவிடும்.

ஆகவே வரைபடத்தில் இரவு தங்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து, அங்கிருந்து பெருநிலத்துக்கோ அருகிலுள்ள ஊருக்கோ ஒரு கோடு இழுங்கள். கோடு மலையில் முட்டினால் அந்த இடத்தைச் சிவப்பால் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு நிறுவனத்தின் அலைபரப்பு வரைபடத்தையும் பாருங்கள். இந்த வரிசை ஏனென்றால், நிறுவன வரைபடம் கடலை ஒரே வண்ணத்தில் பூசியிருக்கும், மலை நிழல் அதில் தெளிவாகத் தெரியாது. அலுவலகக் கூட்டம் உள்ள நாளில் சிவப்பு வட்டத்தில் இருக்காமல் பயணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத தீர்வு இது ஒன்றுதான்.

4. இரண்டு சிம், இரண்டு வேறு வேறு கோபுரங்கள்

ஒரே நிறுவனத்தை நம்பாதீர்கள் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, மேக்சிஸ் ஒன்றும் ஹாட்லிங்க் ஒன்றும் வாங்கி வருகிறார்கள். ஹாட்லிங்க் மேக்சிஸின் முன்கட்டணச் சேவைதான், இரண்டும் ஒரே கோபுரம். செல்கோமும் டிஜியும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் இணைந்து செல்கோம்டிஜி ஆகிவிட்டன, ஆகவே அந்த இரண்டையும் வாங்குவதிலும் பொருளில்லை. சொந்தக் கோபுரம் இல்லாமல் பிறர் கட்டமைப்பை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு நிறுவனங்களும் உண்டு. மலிவாக இருக்கும். வாங்குமுன் யாருடைய அலையில் ஓடுகிறது என்று கேளுங்கள். செல்கோம்டிஜி, மேக்சிஸ், யூ மொபைல் என்ற மூன்றில், உங்கள் சிவப்பு வட்டங்களுக்கு ஏற்ற இரண்டைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம்.

தொகுப்பு வாங்கும்போது 'வரம்பற்றது' என்ற சொல்லில் மயங்காதீர்கள். கைப்பேசியில் வரம்பற்றது, ஹாட்ஸ்பாட்டில் சில ஜிபி மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். சில தொகுப்புகள் ரவுட்டரில் போட்டால் வேகத்தைப் பிடித்துவிடும். படகில் எல்லாமே ஹாட்ஸ்பாட் அல்லது ரவுட்டர் வழியாகத்தான் ஓடும். ஆகவே பெரிய எண்ணைப் பார்க்காமல் அந்தச் சின்ன எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

பழைய ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு: மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. மலிவு விலைக்கு யாராவது 3ஜி மோடம் விற்றால் அதை நங்கூரத்துக்குத் துணையாகக் கட்டலாம். 5ஜியும் கடலில் அவ்வளவாக உதவாது. அதன் வேகத்துக்குக் காரணமான 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகாது. கரையோரம் 5ஜியைப் பிடித்துவிட்டு, நகர நகர விடுவதும் பிடிப்பதுமாக ரவுட்டர் தடுமாறும். துறைமுகத்தை விட்டதும் 4ஜியில் மட்டும் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். அதற்குள்ளும் 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை கிடைத்தால், மெதுவாக இருந்தாலும் நெடுந்தூரம் கூட வரும்.

5. ஆன்டெனா: உயரம் ஒரு கை, கேபிள் மறு கை

இந்தப் பகுதியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். படகு இணையத்தில் வீணாகும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

ஒரு வாடிக்கையாளர் 12 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை எவ்வளவு கூட்டித் தரும் என்று டெசிபெல்லில் சொல்லும் அளவு) என்று அட்டையில் போட்ட நீண்ட கம்பி ஆன்டெனாவை வாங்கி, பாய்மர உச்சியில் கட்டி, 15 மீட்டர் மெல்லிய கேபிளைக் கீழே இறக்கியிருந்தார். முன்பைவிட மோசமாக இருக்கிறது என்றார். படகில் ஏறினேன். கேபிளைக் கழற்றி, ரவுட்டரின் சொந்தச் சிறு ஆன்டெனாக்களைத் திருகி, தளத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் -97 காட்டியது. சிக்னலின் வலிமையைச் சொல்லும் எண் அது, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மீண்டும் உச்சி ஆன்டெனாவை மாட்டினேன். -101. நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவழித்து, கவிழ்த்த வாளியிடம் தோற்றிருந்தார்.

காரணம் கேபிள். ஆர்ஜி 58 என்று அச்சிட்ட அந்த மெல்லிய கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு முக்கால் டெசிபெல் அளவுக்குத் தின்னும். 15 மீட்டருக்கு 11க்கு மேல். ஆன்டெனா கொடுத்ததாகச் சொன்ன 12 அங்கேயே போயிற்று. இணைப்பு முனைகள் மிச்சத்தை எடுத்துக்கொண்டன. மூன்று டெசிபெல் இழந்தால் சிக்னலின் ஆற்றல் பாதி போய்விட்டது என்று நினைவில் வையுங்கள்.

இரண்டாவது காரணம் அந்த 12. வட்டமாகப் பரப்பும் ஆன்டெனாவில் எண் கூடக் கூட, அலை தோசைபோலத் தட்டையாகிவிடும். படகு நேராக நிற்கும்போது சரி. காற்றில் சாய்ந்தால் தோசையின் ஒரு விளிம்பு வானத்தையும் மறு விளிம்பு தண்ணீரையும் பார்க்கும். படகுக்கு 4 முதல் 6 டிபிஐ போதும். ஒரே திசையில் பார்க்கும் ஆன்டெனா எண்ணத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள்: நங்கூரத்தில் நிற்கும் படகு ஓதத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப ஓயாமல் சுற்றும்.

நான் இப்போது செய்கிற முறை இது. ரவுட்டரையே ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுவது. படகின் பின்புறத்தில் 4 மீட்டர் உயரக் கம்பம், அதன் உச்சியில் மழை புகாத வெள்ளைப் பெட்டி, உள்ளே ரவுட்டர், மேலே இரண்டு சிறு ஆன்டெனாக்கள், நடுவே ஒரு முழத்துக்கும் குறைவான கேபிள். பெட்டியிலிருந்து கீழே இறங்குவது ஈத்தர்நெட் கம்பி மட்டும். அதிலேயே மின்சாரமும் போகும், அந்த நீளத்துக்குத் தரவு இழப்பும் இல்லை. 12 மீட்டர் உச்சிக்கும் இதற்கும் மேலே சொன்ன கணக்கில் ஆறு கிலோமீட்டர்தான் வித்தியாசம். அதற்காக உச்சியில் ஏறி, பழுதானால் மீண்டும் ஏறி இறங்குவதற்கு எனக்கு வயதும் இல்லை, துணிவும் இல்லை.

பெட்டி ஏன் வெள்ளை? கறுப்புப் பெட்டி நம் ஊர் நண்பகலில் அடுப்பு. சூடேறிய ரவுட்டர் வேகத்தைக் குறைத்து, பிறகு தானே அணைந்துவிடும். பெட்டியின் அடிப்பக்கத்தில் மட்டும் இரண்டு துளை போடுங்கள். ஆன்டெனா இரண்டு எதற்கு என்றால், 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில் தரவை வாங்கும். ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு வேகம் பாதிதான் என்று வருந்துகிறவர்கள் உண்டு.

ஒரு கண்டிப்பு. சிக்னலைப் பெருக்கித் தரும் 'பூஸ்டர்' கருவிகளை இணையக் கடைகளில் மலிவாக விற்கிறார்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அனுமதியில்லாமல் அவற்றைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். உங்கள் படகுக்கு ஒரு கோடு கூடும்போது, அதே கோபுரத்தை நம்பியிருக்கும் கிராமத்துக்கே இரைச்சல் ஏறும். கடைக்கு யார் கொண்டுவந்தாலும் நான் பொருத்துவதில்லை.

6. மின்சாரக் கணக்கைக் கருவிக்கு முன் போடுங்கள்

வீட்டில் சுவரில் செருகினால் முடிந்தது. படகில் ஒவ்வொரு வாட்டும் பேட்டரியிலிருந்து வருகிறது, அதே பேட்டரிதான் விளக்குக்கும் நீரிறைக்கும் பம்புக்கும் வானொலிக்கும்.

ரவுட்டர் 10 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. 12 வோல்ட்டில் 20 ஆம்பியர்-மணி. ஈய அமிலப் பேட்டரியில் பாதியை மட்டுமே எடுக்கலாம். அதற்குக் கீழே போனால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் உங்கள் கையில் இருப்பது 50தான். ரவுட்டர் ஒன்றே இரண்டரை நாளில் அதை முடித்துவிடும். 100 வாட் சூரியத் தகடு, படகில் பாயும் கம்பியும் விழுத்தும் நிழலைக் கழித்தால், நாளுக்கு 300 வாட்-மணி தந்தால் மகிழ்ச்சி. ரவுட்டருக்கு ஒரு தகடு சரியாகப் போகும். மற்றவற்றுக்கு மேலும் தகடு வேண்டும்.

12 வோல்ட்டிலிருந்து 240க்கு ஏற்றி, சுவர் அடாப்டரைச் செருகி, அது மீண்டும் 12க்கு இறக்குவது பலர் செய்யும் தவறு. ஏற்றி இறக்குவதிலேயே ஒரு பங்கு சூடாகப் போகிறது. நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டரை வாங்குங்கள். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் போடாமல் எந்தக் கம்பியையும் இழுக்காதீர்கள். கடலில் தீப்பிடித்தால் ஓடிப்போக இடம் இல்லை.

7. உப்பு

கரையில் ஐந்து ஆண்டு தாங்கும் இணைப்பு, படகில் ஆறு மாதத்தில் பச்சை பூக்கும். வெளியில் உள்ள ஒவ்வொரு முனையையும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இழுத்துச் சுற்றுங்கள். வெயில் படாதபடி அதன்மேல் சாதாரண மின்நாடா ஒரு சுற்று. பெட்டிக்குள் நுழையும் முன் கம்பியைக் கீழ்நோக்கி ஒரு வளையமாக விடுங்கள், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காடி வாசம் வீசும் சிலிக்கான் பசையை மின்முனைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் அமிலம் செம்பைத் தின்னும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி விலை கூடுதல்தான், ஆனால் ஒரு முறை வாங்கினால் போதும்.

8. துணைக்கோள்: யாருக்குத் தேவை, யாருக்கு வீண்

ஸ்டார்லிங்க் என்ற துணைக்கோள் இணையச் சேவை 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தது முதல் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். என் பதில்: தாளில் எழுதிய இரண்டாவது பத்தியும் வரைபடத்தின் சிவப்பு வட்டங்களும் ஒரே நாளில் அடிக்கடி மோதினால் வாங்குங்கள். மோதாவிட்டால் இரண்டு சிம் போதும்.

வாங்கினால் மூன்று விஷயம். திட்டம் முதலாவது. வீட்டு முகவரிக்கு வாங்கிய திட்டம் படகில் போகும்போது பயன்படுத்த அல்ல. நகரும்போது பயன்படுத்த அனுமதிக்கும் திட்டம் வேண்டும். அதிலும் கரையோரத்துக்கு ஒரு விதி, திறந்த கடலுக்கு வேறு விதி. ஒரு நாட்டில் அனுமதி இருந்தால் அடுத்த நாட்டிலும் இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

இரண்டாவது மின்சாரம். மினி என்ற சிறிய தட்டு 25 முதல் 40 வாட் எடுக்கும். நாள் முழுதும் ஓடினால் 60 ஆம்பியர்-மணி, அதாவது மேலே சொன்ன பேட்டரி ஒரே நாளில் காலி. பெரிய தட்டு இரண்டு மடங்குக்கு மேல். கூட்டம் உள்ள நேரத்தில் மட்டும் போட்டு, முடிந்ததும் அணைப்பவர்களே நிம்மதியாக இருக்கிறார்கள். மினியை நேரே 12 வோல்ட்டில் ஓட்டலாம் என்பது வசதி. ஆனால் கம்பி மெல்லியதாக இருந்தால் வழியிலேயே வோல்ட் விழும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பத்து மீட்டர் இழுத்து, 4 ஆம்பியர் ஓடவிட்டால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காணாமல் போகும். பேட்டரி கொஞ்சம் இறங்கிய விடியற்காலையில் தட்டு அணைந்து அணைந்து எரியும். தட்டு கெட்டுவிட்டது என்று பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்ப வந்தவருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி மாற்றிக் கொடுத்தேன். இன்றும் ஓடுகிறது.

மூன்றாவது வானம். பாய்மரமும் அதன் கம்பிகளும் தட்டின் பார்வையைக் குறுக்கே வெட்டினால், சில விநாடிக்கு ஒரு முறை பேச்சு அறும். படகின் பின்புறக் கம்பிச் சட்டத்தின் மேல், எதுவும் தலைக்கு மேல் இல்லாத இடமே சரி.

9. லங்காவிக்கு வடக்கே: கைப்பேசி நாடு மாறும்போது

லங்காவியின் வடகரையில் நின்றால் தாய்லாந்துத் தீவுகள் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்தால் கைப்பேசிக்கும் தெரியும். நீங்கள் எல்லையைத் தாண்டாமலே அது அந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் திறந்திருந்தால் கட்டணம் ஏறும், மூடியிருந்தால் இணையம் நின்றுவிடும். இரண்டையும் தவிர்க்க, நிறுவனத் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி உங்கள் நிறுவனத்தைப் பூட்டுங்கள். ரவுட்டரிலும் இதைச் செய்ய வேண்டும். அதை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

கடிகாரத்தையும் பூட்டுங்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால். அந்த வடகரையில் உள்ள தஞ்சோங் ரூ பக்கம் படகில் போய்வந்த என் அக்கா மகன், நான்கு மணிதானே ஆகிறது என்று நிதானமாகக் குளித்துவிட்டுக் கிளம்பினான். லங்காவியின் ஃபெர்ரி துறையான குவாவை அடைந்தபோதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவன் டிக்கெட் வாங்கிய ஃபெர்ரி போய்விட்டது. நேரத்தைக் கைமுறையில் கோலாலம்பூருக்கு அமைத்திருந்தால் ஓர் இரவு விடுதி வாடகை மிச்சம்.

10. வெள்ளோட்டம்

எல்லாம் பொருத்திய மறுநாளே லங்காவிக்குக் கிளம்பாதீர்கள். முதலில் துறையில் கட்டியபடியே ஒரு பகலும் இரவும் ஓடவிடுங்கள், பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். அடுத்து பங்கோரின் மேற்குப் பக்கத்தில் ஓர் இரவு. அங்கே தவறு தெரிந்தால் திரும்பி வர அரை நாள் போதும், பினாங்குக்கு அப்பால் தெரிந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

ஒவ்வோர் இடத்திலும் நேரம், நிறுவனம், ஆர்எஸ்ஆர்பி எண் மூன்றையும் எழுதி வையுங்கள். -85க்கு மேலே நல்லது, -100 பக்கம் வேலை நடக்கும், -110க்குக் கீழே கூட்டத்தை ஒத்திவையுங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கைப்பேசியும் தன் விருப்பப்படி வரையும். வேகச் சோதனையை ஓயாமல் அழுத்தாதீர்கள். நல்ல இணைப்பில் ஒவ்வொரு முறையும் நூறு எம்பிக்கு மேல்கூட எடுக்கும். ஏதாவது சரியில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சிம்மையும் கேபிளையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

சிக்னல் எண் நன்றாக இருந்தும் எதுவும் திறக்கவில்லை என்றால் கூட்ட நெரிசலாக இருக்கலாம். மாசி மகத்தன்று பங்கோர் ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில் முன் கடலில் நங்கூரம் போட்டுப் பாருங்கள். கோபுரம் எதிரிலேயே இருக்கும், கோடுகள் முழுதாக இருக்கும், ஒரு குறுஞ்செய்தி போகப் பத்து நிமிடம் ஆகும். கரையில் உள்ள ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தேரைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஆன்டெனாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மற்ற நிறுவனத்துக்கு மாறிப் பாருங்கள். அதுவும் நெரிசல் என்றால் கரையேறி அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள்.

11. இணையமே இல்லாத நேரத்துக்கு

இணையம் வசதிக்கு. உயிருக்கு விஎச்எஃப் வானொலி. அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலை எப்போதும் திறந்து வையுங்கள். கைப்பேசியில் ஒருவரைத்தான் அழைக்கலாம். 16இல் பேசினால் சுற்றியுள்ள எல்லாப் படகுக்கும் கேட்கும், பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் வந்து சேர்வார். கைப்பேசி வேலை செய்தால் 999.

மேற்குக் கரையில் பெரும் தொல்லை சுமத்ரா சூறைதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் நீரிணையைத் தாண்டி வரும். ஆகவே வானிலையைப் படுக்கப் போகுமுன், சிக்னல் இருக்கும்போதே பார்த்து, படமாகச் சேமித்து வையுங்கள். விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் அது தலைமேல் நிற்கும். மின்னல் நெருங்கினால் வெளிக்கம்பத்தின் ஈத்தர்நெட் கம்பியைக் கழற்றி, மற்றக் கருவிகளிலிருந்து தள்ளிப் போடுங்கள். இடிக்கு முன் செய்ய வேண்டியது இது. இடி முழங்கும்போது கம்பத்தைத் தொடாதீர்கள்.

கிளம்புமுன் கரையில் ஒருவரிடம் ஒரு தாள் கொடுங்கள்: படகின் பெயர், நிறம், எத்தனை பேர், ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தை அழைக்க வேண்டும் என்ற நேரம். அந்த நேரத்தைச் சிவப்பு வட்டங்களைப் பார்த்துக் குறியுங்கள். மலை மறைவில் தங்கும் இரவில் எட்டு மணிக்குள் பேசுவேன் என்று எழுதிக் கொடுத்தால் ஒன்பது மணிக்கு வீடு முழுவதும் அழுதுகொண்டிருக்கும். என் வாடிக்கையாளர்களில் நால்வர் அந்தத் தாளை என் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கல்லாப் பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கும். அவர்கள் திரும்பி வந்து கையாலேயே எடுத்துக்கொள்வார்கள்.